கூப்பன் அரிசியும் வாக்குச் சீட்டும்

அண்மைக் காலமாக நம் நாட்டில் ஒரு பல்லவி ஓயாது பாடப்பட்டு வருகின்றது. "இலவசங்களே இந்நாட்டைக் கெடுத்தன, இலவச அரிசி, இலவசக் கல்வி, இலவச வைத்தியம் என்று வாரி வழங்கியே திறைசேரி வெறுமையாயிற்று, கொடுப்பவனுக்கே வாக்களித்துப் பழகிவிட்ட மக்களை வைத்துக்கொண்டு ஜனநாயகம் நடத்துவது வீண்" என்பதே அப்பல்லவி. வங்கிகளின் மேன்மாடங்களில் இது பொருளியலாகப் பேசப்படுகின்றது. தலையங்கங்களில் தேசபக்தியாக எழுதப்படுகின்றது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் வரவேற்பறைகளில் மாலைத் தேநீரோடு அனுபவ ஞானமாகப் பரிமாறப்படுகின்றது. வருந்தத்தக்கது யாதெனில், இலவசக் கல்வியினாலன்றி வேறெதனாலும் பட்டம் பெற்றிருக்க முடியாத நம்மவர் சிலரும் இதற்குத் தாளம் போடுகின்றனர் என்பதே.

இப்பல்லவியை நாம் ஏற்கவில்லை. நம் நாட்டின் வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தையே கூறுகின்றது. மக்கள் ஜனநாயகத்தில் நம்பிக்கை கொண்டிருந்தது தம் வாக்குத் தம் உலையைக் காத்து நின்ற காலத்தில். அந்நம்பிக்கை தளர்ந்தது வாக்கு இருந்தும் உலை அவிந்த காலத்தில். மக்களின் சோற்றில் கைவைத்த ஆட்சியாளர்களோ இரண்டிலொரு வழியே கண்டனர். ஒன்று, வாக்கினால் வீழ்ந்தனர். இன்றேல், வீழாமலிருப்பதற்காக வாக்கையே வெட்டினர். இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. அதனைக் கனவான்கள் வரவேற்கவில்லை. நம் சமூகத்தின் பெருந்தலைவராக அன்று கொண்டாடப்பட்ட சேர் பொன்னம்பலம் இராமநாதனே அதனை எதிர்த்தவர்களுள் ஒருவர். சொத்தும் கல்வியும் இல்லாதவனுக்கு வாக்கு எதற்கு என்பதே அக்கால மேன்மக்களின் வினா. இன்று இலவசத்தைப் பழிப்போரின் குரலில் அந்தப் பழைய வினாவே புதுச் சட்டை அணிந்து வருகின்றது.

வாக்குரிமை வந்து இரண்டு ஆண்டுகளில், 1933இல், வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலிக் குறைப்பை எதிர்த்த அவர்களின் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் இளம் வழக்கறிஞரான கொல்வின் ஆர். டி சில்வா. வாக்குப் பெற்ற மனிதன் தன் வயிற்றைப் பற்றியும் பேசத் தொடங்கினான் என்பதை அவ்வேலைநிறுத்தம் அறிவித்தது. பின்னர் 1942இல் யுத்தகாலப் பங்கீடு வந்தது. கூப்பன் அரிசியும் சங்கக்கடையும் நாடெங்கும் பரவின. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவை எவருடைய தயாள சிந்தையாலும் வந்தவை அல்ல. யுத்த நெருக்கடி ஒருபுறமும், ஏழையின் வாசலில் வந்து வாக்குக் கேட்டே ஆகவேண்டிய நிலை மறுபுறமும் அமைச்சர்களை நெருக்கியதால் வந்தவை.

கூப்பன் முறையின் தொடக்கத்தில் அமைந்திருந்த ஒரு சிறப்பினை நாம் மறத்தலாகாது. வெள்ளவத்தை வழக்கறிஞரின் வீட்டிலும் கூப்பன் புத்தகம் இருந்தது. கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியின் குடிசையிலும் அதே புத்தகம் இருந்தது. அதனைப் பெறுவதற்கு எவரும் தம் வறுமையை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. குடிமகனாயிருத்தலே, ஏன், மனிதனாய் இந்நாட்டில் வாழ்தலே தகுதியாயிருந்தது. அரிசியும் வைத்தியமும் கல்வியும் சேர்ந்து விளைவித்த பயன் யாது? தலைக்குரிய வருமானத்தில் உலகின் வறிய நாடுகளுள் ஒன்றாயிருந்த இலங்கையின் மக்கள், தம்மினும் பன்மடங்கு வருமானமுள்ள நாட்டு மக்களுக்கு நிகரான ஆயுளைப் பெற்றனர். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இவ்வுண்மையைத் தம் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டினார். சோம்பேறிகளை உற்பத்தி செய்த திட்டம் என்று ஏளனம் செய்யப்படுவது இதுதான்.

இனி 1953ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்கு முந்திய ஆண்டுப் பொதுத்தேர்தலில், ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கே கிடைக்கும் என்ற நம்பிக்கையூட்டி ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. வென்ற அடுத்த ஆண்டில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அதே கொத்தின் விலையை 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு எழுந்தது. சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அழைத்த அந்த ஹர்த்தாலுக்குத் தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அவசரகாலச் சட்டம் பிறந்தது. அமைச்சரவை கரையில் கூட அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசி விலையையும் பின்னர் குறைக்க நேர்ந்தது.

"ஆனால் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். நேர்மையான கேள்விதான், நேர்மையாகவே விடை கூறுவோம். கொரிய யுத்தத்தால் ஏறிய றப்பர் விலை சரிந்ததும், உலகச் சந்தையில் அரிசி விலை உயர்ந்ததும் உண்மையே. அரிசி மானியம் வரவு செலவுத் திட்டத்தின் பெரும்பகுதியை விழுங்கியதும் உண்மையே. ஆயினும் அதே 1952இல் சீனத்துடன் செய்த றப்பர்–அரிசி ஒப்பந்தம், வழியைத் தேடுவோருக்கு வழி உண்டு என்பதைக் காட்டிற்று. பணம் போதாதபோது யாருடைய தட்டிலிருந்து முதலில் எடுப்பது என்பதே அரசியல். கணக்குப் புத்தகம் அதனைத் தீர்மானிப்பதில்லை. ஆளும் வர்க்கமே தீர்மானிக்கின்றது. பாடசாலைப் பிள்ளையின் மதிய உணவை முதலில் எடுத்தவர்களின் வர்க்கம் எது என்று நாம் சொல்லத் தேவையில்லை.

1966இல் டட்லி சேனநாயக்காவின் ஆட்சி வாரத்துக்கு இரண்டு கொத்தாயிருந்த பங்கீட்டை ஒரு கொத்தாக்கியது. அந்த ஒன்றை இலவசமாக்கியும் மக்கள் மனம் ஆறவில்லை. 1970இல் இரண்டாம் கொத்தை மீட்டுத் தருவோம் என்றவர்களை மக்கள் அரியாசனம் ஏற்றினர். அதே 1966இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா வேறொரு யோசனையை வெளியிட்டார். சட்டசபையின் விருப்பு வெறுப்புக்கு ஆட்படாத, மக்களுக்குப் பிடிக்காத முடிவுகளை எடுக்க அஞ்சாத நிறைவேற்று அதிகாரம் ஒன்று நாட்டுக்குத் தேவை என்றார். மக்களுக்குப் பிடிக்காத முடிவுகள் எவை? 1953இல் அவர் கைசுட்டுக் கொண்ட உலையை நினைந்தால் விடை புலப்படும். மக்களின் கை எட்டாத உயரத்தில் ஓர் ஆசனம் அமைத்த பின்னரே மக்களின் அரிசியில் மறுபடி கைவைக்கலாம் என்பதே ஹர்த்தாலிலிருந்து அவர் கற்ற பாடம் என நாம் கருதுகின்றோம்.

1977இல் வாரம் எட்டு இறாத்தல் தானியம் தருவதாகக் கூறி, 168 ஆசனங்களில் 140ஐ அவர் கட்சி வென்றது. நடந்தது என்ன? 1978இல் அரிசிப் பங்கீடு சனத்தொகையின் பாதிப்பேருக்கு மாத்திரம் என்றாயிற்று. அதே ஆண்டில் நிறைவேற்று ஜனாதிபதி முறை அரசியலமைப்பில் ஏறிற்று. 1979இல் பங்கீடு முற்றாக ஒழிந்து உணவு முத்திரை வந்தது. முத்திரையின் ரூபாப் பெறுமதி நிலையாக நின்றது, விலைவாசியோ நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் முத்திரை வாங்கக்கூடிய உணவு ஏறத்தாழப் பாதியாயிற்று. அந்த 1979ஆம் ஆண்டிலேதான் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நிறைவேறிற்று. 1980 யூலையில் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலை இழந்தனர். 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை நடத்திப் பாராளுமன்றம் தன் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. முதலில் அரிசி, அப்பால் தொழிற்சங்கம், அதற்கப்பால் தேர்தல். இந்த ஒழுங்கு தற்செயலானது என்று நம்புவோர் நம்பட்டும்.

தேர்தல் அற்றுப்போன மறு ஆண்டு, 1983 யூலை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்த கதையை நம் வாசகருக்கு நாம் விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பது பலராலும் பதிவு செய்யப்பட்ட செய்தி. மக்களின் ஆட்சியுரிமைக்குச் சாட்சியாய் 1931 முதல் பேணப்பட்ட பெயர்ப்பட்டியல், எந்த வீட்டை எரிப்பது என்று காட்டும் பட்டியலாயிற்று. அவ்வினவெறியின் வேர்கள் பல. வயிற்றுப் பிரச்சினை ஒன்றே அதற்குக் காரணம் என்று கூறி அதன் கொடுமையைக் குறைக்க நாம் முயலோம். ஆனால் விலைவாசியால் வெந்து, சங்கமும் தேர்தலும் இழந்து நின்ற மக்களின் கோபத்தை அயல்வீட்டுத் தமிழன்மீது திருப்பிவிடுதல் ஆட்சியாளருக்கு எத்துணை வசதியாயிருந்தது என்பதையும் மறைக்க மாட்டோம்.

பிறரைச் சாடும் நாம் நம் பக்கத்துப் பிழையையும் சொல்லியே ஆகவேண்டும். 1970இல் அமைந்த கூட்டரசாங்கத்தில் இடதுசாரித் தலைவர்கள் அமைச்சர்களாயிருந்தனர். வெள்ளவத்தைத் தொழிலாளரின் சங்கத்தை நடத்திய அதே கொல்வின் ஆர். டி சில்வாவே 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சிற்பி. சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவு அதில் மறைந்தது. 1970இல் தெரிவான சபையின் ஆயுள் அவ்வரசியலமைப்பின் பேரால் 1977 வரை நீண்டது. இரண்டாம் கொத்து வாக்களித்தவர்களின் ஆட்சியிலே 1973இல் பங்கீடு சுருங்கிற்று. பாணுக்கு நெடு வரிசைகள் நின்றன. உலகச் சந்தை விலைகளைக் காரணம் கூறலாம்; அது ஓரளவு உண்மையும் ஆகும். ஆனால் தேர்தலைப் பின்தள்ளியதற்கு உலகச் சந்தை காரணமன்று. 1982இல் மற்றவர்கள் பெரிதாய்ச் செய்ததற்கு 1972இல் நம்மவர்கள் முன்மாதிரி காட்டினர்.

அப்பஞ்சத்தில் மிகுதியாய் மாண்டவர் யார்? மலையகத் தோட்டத் தொழிலாளர். 1974இல் தோட்டப் பகுதிகளின் மரண வீதம் பயங்கரமாய் உயர்ந்தது. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் இலங்கை இந்தியர் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் இருந்தனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களைத் தெரிந்த மக்களின் வாக்கைப் பறித்தன. கால் நூற்றாண்டின் பின் பஞ்சம் வந்தபோது, அம்மக்களிற் பெரும்பாலார் சார்பில் எந்த அமைச்சரும் தம் ஆசனத்துக்காக நடுங்க வேண்டியிருக்கவில்லை. வாக்குள்ளவன் வரிசையில் நின்றான்; வாக்கற்றவன் லயத்தில் செத்தான். வாக்குக்கும் சோற்றுக்கும் உள்ள உறவை இதனினும் துலக்கமாய் எந்த நூலும் நமக்குக் கற்பிக்காது.

இவ்விடத்தில் நம் சொந்தச் சமூகத்தின் குரல் ஒன்றும் எழும். "இது சிங்களவரின் அரிசிப் பிரச்சினை, நமது பிரச்சினை உரிமைப் பிரச்சினை" என்று அது கூறும். வடக்கில் யுத்தகாலப் பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் ஏங்கிய மக்கள், 2022இல் தெற்கின் வரிசைகளைக் கண்டு "இது நாம் முன்பே கண்ட காட்சி" என்றது நியாயமே. அந்நியாயத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் உணவு ஓர் உரிமையல்ல என்று யார் சொன்னது? மலையகத் தாய் மாண்டது உரிமை இன்மையாலா, அரிசி இன்மையாலா? இரண்டும் ஒன்றே. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியின் பின்புறத்து ஒழுங்கைகளில் வாழும் தமிழ்த் தொழிலாளியும் அவன் அயலில் வாழும் சிங்கள, முஸ்லிம் தொழிலாளியும் ஒரே விலைக்குத்தான் அரிசி வாங்குகின்றனர். இவர்களைப் பிரித்து வைத்துத் தமிழ்த் தேசியம் பேசும் கனவான், தன் வரவேற்பறையில் இலவசத்தைப் பழிக்கும் கனவானே என்பதை நாம் பலகாலும் கண்டிருக்கின்றோம்.

தமிழ் படித்த நாம் அமுதசுரபியை அறிவோம். மணிபல்லவத்தில் மணிமேகலை பெற்ற அப்பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. அவள் வேண்டுகோளால் சிறைக்கோட்டமே அறக்கோட்டமாயிற்று என்று காப்பியம் பேசும். அழகிய கனவு அது. எனினும் அப்பாத்திரம் தெய்வத்தின் அருளால் வந்தது. ஏந்தியவளின் கருணையில் தங்கியது. கூப்பன் புத்தகமோ எவர் கருணையிலும் தங்கவில்லை. தராத அமைச்சரைத் தள்ளும் வல்லமை பெற்றவரின் கையில் இருந்தது. 1989இல் சனசவிய, 1995இல் சமுர்த்தி என்று வந்த திட்டங்கள் ஏழைகட்கு ஓரளவு உதவின என்பதை மறுக்கோம். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதைக் கட்சிக்காரர் கை தீர்மானிக்கத் தொடங்கியதும் உரிமை மீண்டும் பிச்சையாயிற்று. பொதுப்பணத்தில் வாங்கிய பாத்திரத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வோர் அரசியல்வாதியும் மணிமேகலை வேடம் தரித்தான். கொடுப்பவனுக்கு வாக்களிக்கும் பழக்கத்தைப் பழிப்பவர்கள், அப்பழக்கத்தை ஊட்டியவர் யார் என்று முதலில் கேட்கட்டும்.

இனி, நாட்டை வங்குரோத்தாக்கியது யார் என்ற கேள்வி. 2019 டிசம்பரில் கோத்தாபய ராஜபக்சவின் அரசு பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கிற்று. வேறு பல வரிகளையும் வெட்டிற்று. மறு ஆண்டில் வரி வருமானம் மொத்தத் தேசிய உற்பத்தியின் ஏறத்தாழ 8 வீதமாகச் சரிந்தது. அதனால் பெரும் இலாபம் கண்டவர் சங்கக்கடை வாசலில் நின்றவர் அல்லர். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து விளைச்சலையும் வீழ்த்தினர். 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தன. எரிபொருள் வரிசைகளில் நின்ற முதியவர் சிலர் அங்கேயே விழுந்து இறந்தனர். கடதாசி இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. இத்தனைக்கும் காரணம் ஏழை உண்ட சோறா?

காலிமுகத்திடலில் மூண்ட நெருப்பு யூலையில் ஜனாதிபதியை நாட்டைவிட்டு ஓடச் செய்தது. 1953இல் அமைச்சரவை கப்பலில் ஒளித்தது. 2022இல் ஜனாதிபதி விமானத்தில் பறந்தார். ஆனால் அடுத்து வந்தவர்கள் பழைய ஒழுங்கையே பின்பற்றினர். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி உறுதியாயிற்று. அதே மார்ச்சு 9ஆம் நாள் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடவாது போயிற்று. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் தப்பின. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி சுமையை ஏற்றது. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. இதனைப் பால்மா வாங்கும் தாயும் மாளிகை வாழ்வோனும் ஒரே வீதத்தில் செலுத்துகின்றனர். தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அத்தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் நாளிலேதான். திறைசேரியின் வசதி பார்த்து மக்களிடம் செல்லும் ஆட்சியை ஜனாதிபதி ஆட்சி என்றோ கணக்காளர் ஆட்சி என்றோ அழைக்கலாம். மக்களாட்சி என்று அழைக்க இயலாது.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. ஜெர்மனியின் வைமார்க் குடியரசில், பாராளுமன்றப் பெரும்பான்மை பெற்ற இறுதி அரசாங்கம் 1930 மார்ச்சில் கவிழ்ந்தது வேலையற்றோர் காப்புறுதி பற்றிய பிணக்கினால். அடுத்து வந்த புரூனிங், சம்பளத்தையும் உதவிகளையும் அவசரகாலக் கட்டளைகளால் வெட்டினார். 1928இல் 12 ஆசனங்களே பெற்றிருந்த நாஸிகள் 1930இல் 107ம், 1932 யூலையில் 230ம் பெற்றனர். வேலையற்றவனின் உதவித்தொகையில் மிச்சம் பிடிக்கப்போய், குடியரசையே செலவழித்தனர்.

2024இல் நம் மக்கள் வாக்கினால் மீண்டும் பேசினர். அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் அது முதலிடம் பெற்றமை, வயிறு இனம் பார்ப்பதில்லை என்பதற்கு ஒரு சான்று. ஆனால் அவ்வரசும் நாணய நிதியத்தின் உடன்படிக்கையைத் தொடர்ந்தே நடத்திற்று. 'இடதுசாரி' என்ற பெயர்ப்பலகையைக் கண்டு மயங்குவதற்கு 1970ஆம் ஆண்டுக்குப் பின் நமக்கு உரிமையில்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவியைப் பாருங்கள். வீட்டின் நிலை, மின்சாரப் பாவனை என்றெல்லாம் புள்ளியிட்டு ஏழையைத் தரம் பிரிக்கின்றது அது. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். "உன்னை விட அவள் ஏழையா?" என்று அயலாரை ஒருவரோடொருவர் மோதவிடும் இம்முறைக்கும், எல்லார் கையிலும் ஒரே புத்தகம் இருந்த அம்முறைக்கும் உள்ள தூரமே நம் ஜனநாயகம் பின்னோக்கி நடந்த தூரம்.

நாம் வேண்டுவது யாது? உணவும் கல்வியும் வைத்தியமும் புள்ளியிட்டுக் கொடுக்கும் சலுகையாயன்றி எல்லார்க்கும் உரிய உரிமையாதல் வேண்டும். அதற்கான பணம் பால்மாவிலிருந்தன்றிப் பெருஞ் செல்வத்திலிருந்தும் இலாபத்திலிருந்தும் வரியாக வருதல் வேண்டும். எக்காரணம் கொண்டும் தேர்தல் ஒத்திவைக்கப்படலாகாது. தலைமுறை தலைமுறையாய்ப் பறிக்கப்பட்டதை மலையக மக்களுக்கு நிலமாகவும் வீடாகவும் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் தனிக்கடன் ஒன்று உண்டு. குடியியல் வகுப்பில் ஜனநாயகத்தின் பண்புகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கரும்பலகையில் எழுதுகின்றோம். காலையில் உண்ணாது வந்த மாணவி பின்வரிசையிலிருந்து எழுந்து, "சேர், வாக்குப் போட்டால் சாமான் விலை குறையுமா?" என்று கேட்கின்றாள். பாடத்திட்டத்தில் இதற்கு விடை இல்லை என்று அவளை உட்காரச் சொல்லுதல் எளிது. அவ்வாறு உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளே நாளை வலிய கரம் ஒன்றைத் தேடிச் செல்வர். 1953ஆம் ஆண்டின் கதையை அவளுக்குச் சொல்வோம். 1974இல் தோட்டங்களில் நடந்ததையும் சொல்வோம். 1972இல் நம்மவர் செய்த பிழையையும் மறையாது சொல்வோம். வாக்கு மட்டும் விலையைக் குறைக்காது, ஆனால் வாக்கை இழந்தவனுக்காக விலை ஒருபோதும் குறைந்ததில்லை என்ற விடையை அவளே கண்டுகொள்வாள்.